வகையறிந்து கற்பித்தல்



ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, மன்னர் ஒருவரைப் பற்றியோ, நம்மவர் இவ்வூருக்கு ரயில் வேலைக்கு வந்த கதையைப் பற்றியோ யான் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். அவற்றை எழுதத் தகுந்த பெரியோர் நம்மிடையே பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட வரலாறு வேறு. கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்கும் தொடக்க மாணவர்களுக்கென ஆக்கப்பட்ட கருவிகளில் 'வகை' என்னும் காவல் எப்படி நுழைந்தது, அதனால் விளைந்த நன்மை யாது, இடர் யாது என்பதே அது.

யான் மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்தியவன். தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானமையால் இளவயதிலேயே ரயில்வேயில் சேர்ந்து, இன்று சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன். இத்தகையவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என நீங்கள் வினவலாம். மூன்றாண்டுகளுக்கு முன் பொறியியற் கல்லூரியில் முதலாண்டு பயின்ற என் மகள் ஓர் இரவு தொலைபேசியில் அழுதாள். "அப்பா, நான் நாலு வரிதான் எழுதினேன். மெஷின் பதினோரு வரியில் தப்பு என்கிறது. அந்தப் பதினோரு வரியில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. இந்தப் படிப்பு எனக்கு வேண்டாம்" என்றாள். அன்று எனக்கும் விளங்கவில்லை. எனினும், நன்கு படிக்கும் பெண்ணை நான்கு வரிகளில் மனமுடையச் செய்த பொருள் யாது என்று அறியும் ஆவல் பிறந்தது. மாலைதோறும் அவளிடமே கேட்டும், நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதை ஈண்டுத் தருகிறேன். குற்றமிருப்பின் பொறுத்தருள்க.

வகை என்பது யாது?

எங்கள் அலுவலகத்துச் செய்தியைக்கொண்டே இதனை விளக்கலாம். சரக்கு ஒவ்வொன்றுக்கும் வகை உண்டு. நிலக்கரிக்குத் திறந்த வேகன். சிமெண்டுக்கு மூடிய வேகன். எண்ணெய்க்குத் தொட்டி வேகன். சிமெண்டைத் திறந்த வேகனில் ஏற்றிவிட்டால், வழியில் மழை பெய்து மூட்டையெல்லாம் கல்லாகிவிடும். இத்தவற்றை இரண்டு இடங்களில் கண்டுபிடிக்கலாம். வண்டி புறப்படுமுன் பத்திரத்தையும் வேகனையும் ஒப்பிட்டுப் பார்த்து நிறுத்துவது ஒன்று. சென்று சேர்ந்தபின் மூட்டையைப் பிரித்துப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வது மற்றொன்று.

கணிப்பொறியிலும் இவ்வாறே. எண், எழுத்துத்தொடர், படம், பட்டியல் என்று தரவுகளுக்கு வகைகள் உண்டு. சார்பு என்பது ஒன்றை வாங்கி மற்றொன்றைத் தருவது. பள்ளிக் கணக்கில் நாம் படித்த சார்பேதான். வட்டம் வரையும் சார்பு, ஆரத்தை எண்ணாக வாங்கிப் படத்தைத் தரும். அதற்கு எண்ணுக்குப் பதிலாக ஒருவர் பெயரைக் கொடுத்தால் தவறு. நிரல் ஓடுமுன்பே இத்தவற்றைக் கண்டு நிறுத்தும் முறையை 'ஸ்டாட்டிக் டைப்' என்பர். இக்கட்டுரையில் 'முன்வகை' என வழங்குவேன். ஓடும்போது அவ்விடத்திற்கு வந்தபின் கண்டு நிறுத்துவது மற்றொரு முறை. சார்புகளையே அடிப்படையாகக் கொண்டு நிரல் எழுதுவதைச் சார்புவழி நிரலாக்கம் என்பர்.

ரயில்வே குடும்பத்தார்க்கு இன்னொரு சான்றும் கூறலாம். இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் 1856-ஆம் ஆண்டில் பாயிண்டுகளையும் சிக்னல்களையும் ஒன்றோடொன்று பிணைக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வளர்ந்த இன்டர்லாக்கிங் முறையில், ஒன்றுக்கொன்று முரணான இரு சிக்னல்களை ஒருங்கே இறக்க முடியாது. லீவரை எவ்வளவு பலங்கொண்டு இழுத்தாலும் அசையாது. விபத்து நேர்ந்தபின் விசாரிப்பதைவிட, நேரவொட்டாமல் தடுப்பது மேலன்றோ? முன்வகையின் கருத்தும் இதுவே.

தமிழிலக்கணம் கற்றோர்க்கும் இது புதிதன்று. 'மாடு வந்தார்' என்று எழுதினால், அது திணை வழு என ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். மாடு உண்மையில் வந்ததா என்று அவர் ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. சொற்களின் திணையைக் கொண்டே பிழையைக் கூறிவிடுகிறார். நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாகப் பகுக்கிறது. இன்று தமிழில் கணினித்துறை எழுதுவோர் நிரற்பிழையை 'வழு' என்றே குறிப்பிடுவது எவ்வளவு பொருத்தம்!

தோற்றமும் இரு கிளைகளும்

வகைக் கோட்பாடு கணிப்பொறிக்கும் முந்தியது. 'தம்மைத் தாமே உள்ளடக்காத கணங்கள் அனைத்தின் கணம்' தன்னை உள்ளடக்குமா, அடக்காதா என்ற முரண்பாட்டை ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கண்டு, 1902-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபிரேகேவுக்கு எழுதினார். அதிலிருந்து மீள, பொருள்களைப் படிநிலை வகைகளாகப் பிரிக்கும் கோட்பாட்டை 1908-இல் வெளியிட்டார். அமெரிக்கக் கணித அறிஞர் அலோன்சோ சர்ச் 1930-களில் சார்புகளுக்கெனவே 'லாம்ப்டா கணிதம்' என ஒன்றை அமைத்து, 1940-இல் அதற்கு எளிய வகைகளையும் வகுத்தார்.

கணிப்பொறி வந்தபின் இவ்வேரிலிருந்து இரு கிளைகள் தோன்றின. 1958-இல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி 'லிஸ்ப்' மொழியை ஆக்கத் தொடங்கினார். அதில் வகைச் சோதனை நிரல் ஓடும்போதே நடைபெறும். எழுதுவோன் முன்கூட்டி எதனையும் அறிவிக்க வேண்டியதில்லை. 1975-இல் சஸ்மனும் ஸ்டீலும் அதனைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி 'ஸ்கீம்' என்னும் மொழியாக்கினர்.

மற்றொரு கிளை ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முளைத்தது. 1970-களில் ராபின் மில்னரும் அவர் குழுவினரும் 'எம்.எல்.' என்னும் மொழியைப் படைத்தனர். அதில், எழுதுவோன் வகையைக் குறிப்பிடாவிடினும் இயந்திரம் தானே அதனை ஊகித்தறியும். வகை சரியென இயந்திரம் ஒப்புக்கொண்ட நிரல், ஓடும்போது வகைப்பிழையால் இடறாது என்பதை 1978-இல் வெளியான தம் கட்டுரையில் மில்னர் நிறுவினார். ஹிண்ட்லி என்னும் தருக்க அறிஞர் 1969-லேயே இதையொத்த முடிவைக் கண்டிருந்தமையால், இம்முறை இருவர் பெயராலும் வழங்குகிறது.

வகுப்பறையில் எழுந்த வழக்கு

1985-இல் எம்.ஐ.டி. பேராசிரியர்களான ஏபெல்சனும் சஸ்மனும், ஜூலி சஸ்மன் அம்மையாரின் துணையோடு, ஸ்கீம் மொழியைக் கொண்டு தொடக்க மாணவர்க்கு ஒரு பாடநூல் வெளியிட்டனர். ஸ்கீமின் விதிகள் மிகச் சில. ஆதலால் முதல் நாளே கருத்துகளைப் பேசத் தொடங்கலாம். அந்நூல் உலகெங்கும் புகழ் பெற்றது.

1987-இல் பிலிப் வாட்லர் என்னும் அறிஞர் அந்நூலைப் போற்றிக்கொண்டே மறுத்தும் எழுதினார். தொடக்க மாணவனுக்கு வகைகள் வெளிப்படையாகத் தெரியவேண்டும், கணித எழுத்துமுறைக்கு அண்மையான குறியீடு வேண்டும், ஆகையால் டேவிட் டர்னர் ஆக்கிய 'மிராண்டா' போன்ற மொழியே கற்பித்தலுக்கு ஏற்றது என்பது அவர் வாதம். அக்கிளையில் வந்த 'ஹாஸ்கெல்' மொழியின் முதல் வரையறை 1990-இல் வெளியாயிற்று.

இரு கட்சிகளும் நல்லாசிரியர்களே. ஒரு சாரார், முதற்படியிலேயே காவல் வைத்தால் பிள்ளை அஞ்சி ஓடும் என்றனர். மற்றொரு சாரார், காவலின்றி விட்டால் பிள்ளை தவறான வழக்கத்தில் ஊறிவிடும் என்றனர். பின்வந்த வரலாறு முழுவதும் இவ்விரண்டையும் இசைவிக்கும் முயற்சியே எனலாம்.

ஹூஸ்டனும் யூட்ரெக்டும்

1995-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் ஃபெலைசனும் அவர் மாணவர்களும் ஒரு குழுவைத் தொடங்கினர். ஸ்கீம் எளியதே எனினும், தொடக்க மாணவன் ஓர் அடைப்புக்குறியை இடம் மாற்றிப் போட்டால், அது அவன் இன்னும் கற்காத வேறொரு பொருளைத் தந்துவிடும். இயந்திரமும் அக்கற்காத பொருளைப் பற்றியே பிழைச்செய்தி கூறும். ஆகையால் அவர்கள் ஒரே மொழியை அறியாதான் நிலை, இடைநிலை, உயர்நிலை எனப் படிகளாகப் பிரித்து, அந்தந்தப் படிக்குரிய சொற்களாலேயே பிழையைக் கூறச் செய்தனர். ஃபெலைசன், ஃபிண்ட்லர், ஃபிளாட், கிருஷ்ணமூர்த்தி ஆகிய நால்வரும் எழுதிய அவர்தம் பாடநூல் 2001-இல் வெளிவந்தது. அவர்கள் கையாண்ட மொழி 2010-இல் 'ரேக்கெட்' எனப் பெயர் மாறியது.

அப்பாடநூலில் ஓர் அரிய வழக்கம் உண்டு. சார்பு எழுதுமுன், 'இஃது எண்ணை வாங்கிப் படத்தைத் தரும்' என்று மாணவன் ஒரு வரி எழுதவேண்டும். ஆயின் அவ்வரி மனிதர் படிப்பதற்கான குறிப்பு மட்டுமே. இயந்திரம் அதனைப் படிக்காது. மாணவன் ஒன்றைக் குறித்து வேறொன்றைச் செய்தாலும் இயந்திரம் வாய் திறவாது.

இக்குழுவினர் சிறுவர்க்கெனப் படச் சார்புகளின் தொகுப்பு ஒன்றையும் ஆக்கினர். வட்டம், சதுரம் முதலிய படங்களை எண்களைப்போலவே கூட்டியும் அடுக்கியும் பார்க்கலாம். இவற்றோடு, கடிகாரம் அடிக்குந்தோறும் உலகின் நிலையை மாற்றும் சார்பு ஒன்று, அந்நிலையைப் படமாக வரையும் சார்பு ஒன்று, எப்போது நிறுத்துவது எனக் கூறும் சார்பு ஒன்று எனச் சில சார்புகளை எழுதிவிட்டால், அசையும் விளையாட்டு ஒன்று உருவாகிவிடும். இதன் அமைப்பை விளக்கி அவர்கள் 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் எதிர்த்திசையிலிருந்து வந்தனர். அவர்கள் மொழி ஹாஸ்கெல். முன்வகை அதில் முதலிலிருந்தே உண்டு. எனினும் மாணவர் அல்லலுற்றனர். காரணம் யாதெனின், ஹாஸ்கெலில் 3 என்று எழுதினால் அது முழுவெண்ணாகவும் இருக்கலாம், பின்னமாகவும் இருக்கலாம்; எண்போல் நடக்கும் எவ்வகையாகவும் இருக்கலாம். ஆதலால் 3-ஐயும் ஒரு பெயரையும் கூட்டினால், 'பெயர் எண் அன்று' என்று கூறாமல், 'எழுத்துத்தொடருக்கு எண்மைக்குரிய சான்று இல்லை' என்னும் பொருள்பட இயந்திரம் பேசும். முதல் வாரத்து மாணவனுக்கு இதனால் என்ன விளங்கும்? ஆகவே அவர்கள் 'ஹீலியம்' என்னும் கற்பிக்கும் மொழியை வெளியிட்டனர். அதில், இவ்வாறு ஒரு சொல் பல வகைக்கும் பொருந்தும் வசதியை வேண்டுமென்றே விலக்கினர். பிழைச்செய்தியைத் தெளிவாக்கி, 'இதனைக் கருதினீரோ?' என்னும் குறிப்பையும் சேர்த்தனர். மாணவர் எழுதிய நிரல்களைச் சேகரித்து, எவ்விடத்தில் இடறுகின்றனர் என ஆராயவும் செய்தனர்.

என் மகள் அழுததும் இவ்விடத்திலேயே. அவளுக்குக் கல்லூரியில் கொடுக்கப்பட்டது தேர்ந்தவர்க்கான ஹாஸ்கெல். தொடக்க மாணவர்க்கான படி அன்று.

இரு கிளைகளின் இணைப்பு

2002-இல் ஃபிண்ட்லரும் ஃபெலைசனும், சார்பையே வாங்கும் சார்புகளுக்கும் ஒப்பந்தம் எழுதி, ஓடும்போது அதனை மீறியவர் யார் எனச் சுட்டும் முறையைக் கண்டனர். 2006-இல் ஜெரமி சீக், வாலித் தாஹா இருவரும், ஒரே மொழியில் வகை குறித்த பகுதியும் குறிக்காத பகுதியும் கலந்து வாழும் 'படிப்படி வகை' என்னும் கோட்பாட்டை வெளியிட்டனர். அதே ஆண்டில் சாம் டோபின்-ஹோச்ஸ்டாட் என்பவர் ஃபெலைசனோடு சேர்ந்து, வகையற்ற நிரலைப் பகுதி பகுதியாக வகையுள்ளதாக மாற்றும் வழியை வகுத்தார். 2008-இல் 'வகையுள்ள ஸ்கீம்' வெளிப்பட்டது. பழைய மாணவர் பழக்கத்தை மாற்றாமலே முன்வகையைச் சேர்ப்பது அதன் நோக்கம். 'இஃது எண்ணா?' என்று நிரலிலேயே கேட்டுவிட்டால், அதன்பின் வரும் பகுதியில் அஃது எண்ணே என இயந்திரம் தானே தெளியும். ஸ்கீம் எழுதுவோர் இயல்பாகச் சிந்திக்கும் முறைக்கு இது பெரிதும் இணங்கியது.

இனி, வகையின்றி எழுதப்பட்ட குழந்தைத் தொகுப்புக்கு வெளியிலிருந்து வகை எழுதிச் சேர்க்கலாம் என்றாயிற்று. சேர்த்தால் என்ன ஆகும்? இதனை யான் நூலில் படித்ததோடு நில்லாமல் கண்ணாலும் கண்டேன்.

நமது ஞாயிறு வகுப்பு

நமது சங்கத்தின் ஞாயிறு வகுப்பில், தமிழ்ப் பாடம் முடிந்தபின் ஒரு மணி நேரம் பிள்ளைகள் ரேக்கெட்டில் படம் வரைந்து விளையாடுவதை நீங்கள் அறிவீர்கள். சென்ற கோடை விடுமுறையில் என் மகள் அவ்வகுப்பை நடத்தினாள். அவள் படிப்பை விடவில்லை. யூட்ரெக்டின் கதையை அவளும் யானும் சேர்ந்து அறிந்தபின், குறை தன் அறிவில் இல்லை எனத் தேறினாள். இப்போது அவளுக்கு ஓர் எண்ணம் தோன்றியது: பிள்ளைகளின் படத் தொகுப்புக்கு முன்வகை சேர்த்தால் என்ன? மூன்று இரவுகள் விழித்து அதனைச் செய்து முடித்தாள். வட்டம், சதுரம் ஆகியவற்றுக்கு எளிதில் வகை குறிக்க முடிந்தது. விளையாட்டைத் தொடங்கிவைக்கும் பகுதி மட்டும் சாதாரணச் சார்பாக இல்லாமல் தனி எழுத்துமுறையாக இருந்தமையால், அதற்கெனத் தனியே ஓர் உறை எழுத வேண்டியதாயிற்று.

முதல் ஞாயிறு நன்மை கண்டோம். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கடிகாரம் அடிக்குந்தோறும் புதிய எண்ணைத் தரவேண்டிய சார்பில், தவறிப் படத்தைத் தந்துவிட்டாள். பழைய முறையில், இயந்திரம் அடுத்த நொடியில் அப்படத்தை வரையும் சார்பிடம் கொடுக்கும். அங்கே, 'எண்ணை எதிர்பார்த்தேன், படம் வந்தது' என நின்றுவிடும். பிழை செய்த இடம் ஒன்று, சுட்டும் இடம் வேறொன்று. குற்றமற்ற வரையும் சார்பை மணிக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பாள். இப்போதோ, நிரல் ஓடுமுன்பே பிழையுள்ள வரியிலேயே இயந்திரம் விரலை வைத்தது. சிறுமி ஒரு நிமிடத்தில் திருத்திவிட்டாள். என் மகள் என்னை நோக்கிப் பெருமிதத்தோடு சிரித்தாள்.

இரண்டாம் ஞாயிறு இடர் கண்டோம். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், சிறுத்துக்கொண்டே போகும் பலூன் ஒன்றை எழுதினான். வட்டத்தின் ஆரம், நூறிலிருந்து கடிகாரத் துடிப்புகளைக் கழித்தது. துடிப்பு நூறானதும் விளையாட்டு நிற்க வேண்டுமென்றும் முறையாக எழுதியிருந்தான். ஆரம் ஒருபோதும் குறையெண் ஆகாது. நிரலில் பிழையே இல்லை. ஆயினும் இயந்திரம் மறுத்துவிட்டது. ஏனெனின், ஆரம் குறையெண்ணாக இருத்தலாகாது என என் மகள் வகை எழுதியிருந்தாள். நூறிலிருந்து ஓர் எண்ணைக் கழித்தால் விடை குறையெண்ணாகவும் இருக்கலாம் என்பது மட்டுமே இயந்திரத்துக்குத் தெரியும். நிறுத்தும் நிபந்தனை வேறிடத்தில் காப்பதை அஃது அறியாது.

சிறுவன் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டான்.

அவள் விடை கூறவில்லை. தான் முன்பு தொலைபேசியில் அழுதது அவளுக்கு நினைவு வந்திருக்கவேண்டும். தவறு செய்யாத பிள்ளையிடம், 'நீ தவறு செய்தாய்' என்று கூறுவது ஆசிரியர் செய்யத்தகாத செயல். அதனை இயந்திரத்தின் வாயால் கூறினாலும் கூறியவர் நாமே.

அன்றிரவு இருவழிகளை ஆராய்ந்தோம். 'சுழியம், இவ்வெண் இரண்டில் பெரியது எதுவோ அதனை எடு' என்று சிறுவனையே எழுதச் சொல்லலாம், இயந்திரம் ஏற்கும். ஆனால், தேவையில்லாத ஒன்றை இயந்திரத்தின் மனநிறைவுக்காக எழுதும் பழக்கம் அவனுக்கு ஏற்பட்டுவிடும். மற்றொரு வழி, வகையைத் தளர்த்தி எந்த எண்ணையும் ஏற்று, உண்மையிலேயே குறையெண் வந்தால் ஓடும்போது கூறுவது. இரண்டாவதையே மேற்கொண்டோம். பிழைச்செய்தியையும், 'வட்டத்தின் ஆரம் குறையெண்ணாக வந்துவிட்டது; எங்கே கழித்தாய் என்று பார்' எனத் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைத்தாள். எண்ணுக்கும் படத்துக்கும் உள்ள வேற்றுமையைக் காக்கும் முன்வகை அப்படியே இருக்கிறது.

பிறர் கண்ட அனுபவம்

இம்முடிவுக்கு வந்தபின்னர், அறிஞர்களும் இதே வழியில் நடந்திருப்பதை அறிந்து மகிழ்ந்தோம். ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கிரெஸ்டானி, ஸ்பெர்பர் இருவரும் தம் அனுபவத்தை 2010-இல் எழுதினர். மாணவர் குறிப்பாக மட்டும் எழுதிவந்த வகை வரியை அவர்கள் மொழியின் உறுப்பாகவே ஆக்கி, நிரல் ஓடும்போது அதனைச் சோதிக்கச் செய்தனர். ஹூஸ்டன் வழிக்கும் யூட்ரெக்ட் வழிக்கும் இடைப்பட்ட பாதை இது.

2011-இல் மார்சோ, ஃபிஸ்லர், கிருஷ்ணமூர்த்தி ஆகிய மூவரும், பிழைச்செய்தியைப் படித்த தொடக்க மாணவர் அதன்பின் என்ன செய்கின்றனர் என்பதை ஆராய்ந்தனர். செய்தியில் வரும் கலைச்சொற்களையே மாணவர் பலர் சரிவர அறிந்திருக்கவில்லை என்பது தெரிய வந்தது. இத்தனைக்கும் அவை தொடக்க மாணவர்க்கென்றே கவனத்துடன் எழுதப்பெற்ற செய்திகள்!

2015-இல் ஹாஸ்கெலில் நடந்ததும் கருதத்தக்கது. பட்டியலில் எத்தனை உறுப்புகள் உள்ளன எனக் கூறும் சார்பு, அதுகாறும் பட்டியலுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அவ்வாண்டில் அதன் வகையை விரித்து, உறுப்புகளைத் தாங்கும் எவ்வமைப்புக்கும் பொதுவாக்கினர். தேர்ந்தவர்க்கு வசதி பெருகியது. ஆயின், இரண்டு எண்களைக் கொண்ட ஒரு சோடியைக் கொடுத்துக் கேட்டால், இயந்திரம் பிழை கூறாமல் 'ஒன்று' என விடையளித்தது. தொடக்க மாணவர்க்கு இது குழப்பம் தருமென ஆசிரியர் சிலர் அப்போதே வாதிட்டனர். வகை மிகக் குறுகினால் சரியானதைத் தடுக்கிறது. மிக விரிந்தால் தவறானதையும் அனுமதிக்கிறது.

இதற்கு மாறாக, பள்ளிச் சிறுவர்க்கென ஹாஸ்கெலை அடிப்படையாகக் கொண்டு எழுந்த 'கோட்வேர்ல்ட்' என்னும் கருவியில், முழுவெண், பின்னம் என்னும் வேறுபாடுகளை நீக்கி 'எண்' என ஒரே வகையை வைத்துள்ளனர். நம் தமிழகத்தில், சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் முதலாண்டு மாணவர்க்கே ஹாஸ்கெல் வழி நிரலாக்கம் கற்பித்து வந்துள்ளனர் என்பதும் நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

நாம் கொள்ளத்தக்கது

ரஸ்ஸல் முதல் இன்றுவரை நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றிலிருந்து, பிள்ளைகளைப் பெற்ற நாம் கொள்ளத்தக்கவை மூன்று எனத் தோன்றுகிறது.

முதலாவது, தொடக்க மாணவர்க்குக் காவல் வேண்டும். காவலற்ற தொகுப்பில் பிழை ஓரிடம், தண்டனை வேறிடம் என்றாகிவிடுகிறது.

இரண்டாவது, அக்காவல் பிள்ளை கற்ற எல்லைக்குள் நிற்கவேண்டும். எண்ணுக்கும் படத்துக்கும் உள்ள வேற்றுமையை ஏழாம் வகுப்புப் பிள்ளை அறியும்; அதனை முன்கூட்டியே சோதிக்கலாம். தன் நிரல் சரியென இயந்திரத்துக்கு மெய்ப்பித்துக் காட்டும் வித்தையை அப்பிள்ளை அறியாது. அதனை ஓடும்போது பார்த்துக்கொள்வதே தக்கது. ஹூஸ்டனில் வகையில்லாமல் தொடங்கியவர்களும், யூட்ரெக்டில் வகையோடு தொடங்கியவர்களும், கற்போனின் படிக்கேற்ப மொழியைச் சுருக்கியும் சொல்லை மாற்றியும் அமைத்ததை மேலே கண்டோம்.

மூன்றாவது, காவலாளி பிள்ளையின் மொழியில் பேசவேண்டும். நம் இலக்கண நூலோர் வழுவைக் கூறியதோடு நில்லாமல், வழுவமைதியையும் கூறினர். உவப்பினால் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவர் கூறினால் அது குற்றமாகாது என ஏற்றுக்கொண்டனர். எது விலக்கத்தக்கது, எது ஏற்கத்தக்கது என்று ஆராய்ந்து அமைத்தவரே நல்ல இலக்கண ஆசிரியர்.

இவ்வூரில் வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என மூன்று மொழிகளுக்கு நடுவே நம் பிள்ளைகள் வளர்கின்றனர். புரியாத சொல்லால் கடிந்துகொள்ளப்படுவது எத்தகையது என்பதை அவர்கள் அறிவர். நாமும் இங்கு வந்த புதிதில் அறிந்தோம். கணிப்பொறியாவது அவர்களிடம் புரியும் சொல்லில் பேசட்டும். ஞாயிறு வகுப்பின் பிழைச்செய்திகள் இன்னும் நாற்பதுக்கு மேல் ஆங்கிலத்திலேயே உள்ளன. நல்ல தமிழும் நல்ல இந்தியும் அறிந்த பெரியோர் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அடுத்த ஆண்டு விழாவுக்குள் அவற்றை முடித்துவிடலாம். கணிப்பொறி அறிவு வேண்டியதில்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லத் தெரிந்தால் போதும்.

பலூன் எழுதிய சிறுவன் இவ்விழாவில் தன் விளையாட்டைத் திரையிட இருக்கிறான். யாவரும் கண்டு வாழ்த்துமாறு வேண்டுகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!